படம் இல்லை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள்

மூன்றாம் வருஷம் முடியப் போகுதுன்னா கலைப்பீடத்தில் எல்லோருக்கும் ஒரே காய்ச்சல்தான்: ஆய்வுத் தலைப்பு. சினிமா பற்றிச் செய்யப் போகிறோம் என்று சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். "ஆ, லேசுதானே, படம் பார்த்து எழுதுறதுதானே" என்பது ஒன்று. "யாரோட படம்? மணிரத்னமா, வெற்றிமாறனா?" என்பது மற்றது. இரண்டுக்கும் அடியில் ஒரே நினைப்புத்தான் இருக்கிறது. சினிமா ஆய்வு என்றால் ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, காட்சி காட்சியாகப் பிரித்து, குறியீடு கண்டுபிடித்து எழுதுவது. அந்தப் படமும் இந்தியாவிலிருந்து வந்த படமாகத்தான் இருக்கும்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. மாத்தளை மாதிரி ஒரு மாவட்டத்திலிருந்து சினிமா ஆய்வுக்குப் போகிற மாணவர்கள் படத்தில் தொடங்கத் தேவையில்லை, படம் பார்த்த ஆட்களில் தொடங்க வேண்டும். படம் எங்காவது ஒரு பெட்டிக்குள் கிடந்தால் பத்து வருஷம் கழித்தும் யாராவது கண்டுபிடிக்கலாம். பார்த்தவர்கள் அப்படி இல்லை. 1975 இல் இருபது வயதில் தியேட்டர் வாசலில் வரிசையில் நின்றவருக்கு இப்போது எழுபது. லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிற அவரிடம் இந்த வருஷம் கேட்காததை அடுத்த வருஷம் கேட்க முடியுமா என்று தெரியாது.

எங்கள் படங்கள் எங்கே?

இலங்கையில் தமிழ்ப் படம் எடுத்தார்களா என்று ஆச்சரியமாகக் கேட்கிற நண்பர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். எடுத்தார்கள். 1962 இல் வந்த 'சமுதாயம்' தொடங்கி 1993 இல் வந்த 'ஷார்மிளாவின் இதயராகம்' வரை 28 படங்களைப் பொதுவாகப் பட்டியலிடுவார்கள். தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற புத்தகத்தை உட்கார்ந்து எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பட்டியல்கூட எங்கள் தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்காது.

அந்தப் பட்டியலில் மலையகத்தைத் தொடுகிற சிலதை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1963 இல் பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி'. இந்த நாட்டில் 35 மி.மீ. பிலிமில் எடுத்த முதல் தமிழ்ப் படமே ஒரு தோட்டத்துக் கதை. 1975 இல் 'புதிய காற்று'. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்தது. தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையைச் சொன்னது. தனியார் கம்பெனிகளின் கையில் இருந்த தோட்டங்களை அரசாங்கம் எடுத்த அதே வருஷம். 1980 இல் 'அவள் ஒரு ஜீவநதி'. அதற்குக் கதை எழுதித் தயாரித்தவர் மாத்தளை கார்த்திகேசு. ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு போய்ப் படம் எடுத்த மனிதர். அதே ஊரில் பதின்மூன்று வருஷம் பாடசாலைக்குப் போன எங்களுக்கு, இப்படி ஒருவர் இருந்தார் என்று வகுப்பில் யாரும் சொன்னதில்லை.

சரி, இந்தப் படங்களைப் போட்டுப் பார்த்து ஆய்வு செய்யலாமே? அங்கேதான் முட்டுகிறது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் பலவற்றின் பிரதிகள் இன்று இல்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது, அங்கே வைத்திருந்த பிலிம் சுருள்களும் சேர்ந்து எரிந்தன. சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் அதில் போயின. அந்த ஜூலையில் மாத்தளை நகரமும் தப்பவில்லை. வீடு, கடை, கோயில் என்று எரிந்ததற்குக் கணக்கு எழுதியவர்கள் உண்டு. ஒரு சமூகம் தன்னைத் திரையில் பார்த்ததற்கான சாட்சி எரிந்ததை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. தீக்குத் தப்பியவற்றையும் ஈரமும் பூஞ்சணமும் விட்டுவைக்கவில்லை. படம் ஓடி முடிந்து நட்டக் கணக்கும் எழுதியாகிவிட்டால், அந்தப் பெட்டியை யார் பத்திரமாக வைத்திருப்பார்?

ஆக, "படத்தை எடுத்துக்கொண்டு வா, பகுப்பாய்வு செய்" என்று சொல்கிற முறை எங்களுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைப்பதில்லை. இருக்கிற படங்களை மட்டும் ஆராய்ந்தால் மறுபடி மறுபடி சென்னையைத்தான் ஆராய்வோம். எங்களைப் பற்றிய பக்கம் காலியாகவே கிடக்கும்.

கமெரா எங்களைப் பார்த்தது, நாங்கள் என்ன பார்த்தோம்?

தோட்டங்களைப் படம் பிடித்தவர்களுக்குக் குறைவே இல்லை. 1934 இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தை உலகம் முழுக்க சினிமா மாணவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அதற்குக் காசு கொடுத்தது சிலோன் தேயிலைப் பிரசாரச் சபை. 1954 இல் எலிசபெத் டெய்லர் நடித்த 'எலிஃபண்ட் வோக்' ஒரு தேயிலைத் துரையின் பங்களாவுக்குள் நடக்கிற கதை. கொழுந்துக் கூடையோடு வரிசையாகப் பெண்கள் நிற்கிற காட்சி இப்போது சுற்றுலா விளம்பரம் வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் திரையின் பின்னணியில் நின்றது போதுமான அளவு பதிவாகியிருக்கிறது. அவர்களே திரைக்கு முன்னால் உட்கார்ந்து என்ன பார்த்தார்கள், என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

2023 இல் மலையகம் 200 நினைவாக, தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் மாத்தளையில் வந்து முடிந்தது. முன்னோர் நடந்து வந்த பாதையை மறுபடி நடந்து பார்த்தது பெரிய விஷயம். ஆனால் ஒரு சமூகத்தின் சரித்திரம் துன்பப் பாதை மட்டும்தானா? சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்துத் தலை வாரி, தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கிப் படம் பார்க்கப் போன பாதையும் சரித்திரம்தான். அதை யாரும் நடந்து பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 'தோட்டக்காரி' வந்த அடுத்த வருஷம், 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள்தானே? ரசிகர் கூட்டமே இரண்டு நாடாகப் பிரிந்துவிட்டது. அதனால் மாத்தளைத் தியேட்டர் பற்றிய ஆய்வு ஒன்றுக்கு நீலகிரிக்கும் போன் எடுக்க வேண்டிவரும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிற சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் இலக்கம் எங்கள் வீடுகளில் பலரிடம் இருக்கிறது. எந்த நூலகத்திலும் கிடைக்காத ஆதாரம் அது.

படம் இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள்

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. தமிழின் முதல் மௌனப் படம் என்று சொல்லும் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 இல் வந்த முதல் பேசும்படம் 'காளிதா'ஸுக்கும் பிரதி இல்லை. அதற்காகத் தமிழ்ச் சினிமாவின் ஆரம்ப வரலாறு எழுதப்படாமல் போகவில்லை. தியடோர் பாஸ்கரன் பழைய பத்திரிகைகள், அரசாங்கக் கோப்புகள், பாட்டுப் புத்தகங்கள், பழைய கலைஞர்களின் நேர்காணல்கள் என்று திரட்டி எழுதினார். இங்கிலாந்தில் அனெட் குன் என்ற ஆய்வாளர் 1930களில் படம் பார்த்தவர்களை முதுமையில் தேடிப் போய்ப் பேசவைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவர்கள் படத்தின் கதையை மறந்திருந்தார்கள். யாரோடு போனார்கள், எந்தத் தெரு வழியாகப் போனார்கள் என்பதை மறக்கவில்லை.

எங்கள் நாட்டுப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இலேயே தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பூடகமாகப் பார்த்து ஒரு சிறுநூல் எழுதினார். சாதிப்படி இடம் பிரித்த சமூகத்தில், எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது டிக்கெட் விலை என்பது அதில் அவர் வைக்கிற முக்கியமான கருத்து. தமிழ்நாட்டை மனதில் வைத்துச் சொன்னது. இதை அப்படியே மாத்தளைக்குக் கொண்டுவந்து கேள்வியாக மாற்றிப் பாருங்கள். தோட்டத்திலிருந்து வந்தவர் கலரியில் உட்கார்ந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்? டவுன் முதலாளி எங்கே இருந்தார்? சிங்கள ஆட்கள் தமிழ்ப் படத்துக்கு வந்தபோது எங்கே உட்கார்ந்தார்கள்? பெண்கள் எந்தப் பக்கம்?

இந்தக் கேள்விக்கு மாத்தளையைப் போல இடம் கிடைப்பது கஷ்டம். நுவரெலியா மாதிரி மலை முழுக்கத் தேயிலையாக இருக்கிற மாவட்டம் இல்லை இது. உயரத்தில் தேயிலை, கீழே இறப்பர், கொக்கோ, மிளகு. தோட்டத்தின் எல்லை முடிகிற இடத்தில் சிங்களக் கிராமம், டவுனில் முஸ்லிம் கடைகள். முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ' 1947 இல் வந்தபோது, அதை எஸ். எம். நாயகம் எடுத்தது மதுரையில். தயாரித்த இடத்திலேயே இப்படிக் கலந்திருந்த சினிமா, பார்த்த இடத்தில் கலந்ததா இல்லையா என்பதைப் பெரிய தத்துவம் பேசிக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று மொழிக்காரரிடமும் போய்க் கேட்க வேண்டும்.

எப்படிச் செய்யலாம்?

நாங்கள் நாலு பேர். எங்கள் திட்டத்தை இங்கே சொல்வதற்குக் காரணம், அடுத்து வருகிறவர்கள் அப்படியே எடுத்துப் பாவிக்கலாம் என்பதுதான்.

முதலில் தலைப்பு. 'மலையக மக்களும் சினிமாவும்' என்று வைத்தால் வாழ்நாள் போதாது. 'மாத்தளை நகரப் படமாளிகைகளும் சுற்றியுள்ள தோட்டத் தொழிலாளரும், 1970–1983' என்று வெட்டினோம். 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. 1983 இல் எல்லாம் எரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை படம் பார்த்தது. எல்லை இப்படித் தெளிவாக இருந்தால் மேற்பார்வையாளரும் சம்மதிப்பார், நாங்களும் தொலைந்து போகமாட்டோம்.

அடுத்தது கடதாசி வேலை. ஆட்களிடம் போவதற்கு முன்னால், அந்த வருஷங்களின் வீரகேசரியிலும் தினகரனிலும் வந்த சினிமா விளம்பரங்களைப் பார்த்து, எந்தப் படம் எப்போது எங்கே ஓடியது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. வீட்டிலிருந்தே தேட 'நூலகம்' இணைய நூலகம் இருக்கிறது. பட்டியல் கையில் இருந்தால், பெரியவர் ஒருவர் "அது தீபாவளிக்கு வந்த படம்" என்று சொல்லும்போது வருஷத்தைச் சரிபார்க்கலாம்.

பிறகு நேரம். தோட்டத்தில் பகலில் போய் யாரையும் பிடிக்க முடியாது. பின்னேரம் போனால் ஆம்பிளைகள் வாசலில் இருப்பார்கள், பொம்பளைகள் தண்ணிக்கும் அடுப்புக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். வாசலிலேயே உட்கார்ந்து ரெகோர்ட் பண்ணிக்கொண்டு வந்தால் அது பாதி ஆய்வு. அடுப்படிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொடுத்துக்கொண்டு பேச வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு பேர் பெண்களாக இருப்பது இதற்குத்தான் உதவுகிறது. "நான் எங்க படத்துக்குப் போனேன், வேலைக்குப் போகவே நேரம் இல்ல" என்று ஒரு அப்பாயி சொன்னால், அந்தப் பதிலையும் விடாமல் எழுத வேண்டும். யார் போகவில்லை, ஏன் போகவில்லை என்பது சினிமா வரலாற்றுக்குள் வர வேண்டிய விஷயம்.

கேள்வி கேட்கிற விதம் முக்கியம். "சினிமா உங்கள் வாழ்க்கையில் என்ன தாக்கத்தை ஏற்படுத்தியது?" என்று கேட்டால் எந்தத் தாத்தாவும் "ஒண்ணும் இல்ல தம்பி" என்றுதான் சொல்வார். "எந்த ரோட்டால எறங்கிப் போவீங்க? யாரோட? டிக்கெட் காசு யாரு குடுத்தா? பஸ் இல்லாட்டி எப்படித் திரும்பி வந்தீங்க? பந்தம் புடிச்சிட்டா வந்தீங்க?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். வழியைக் கேட்டால் படமும் பின்னால் வந்துவிடும்.

கையெழுத்து விஷயத்தை மிகவும் யோசிக்க வேண்டும். ஒழுக்கவியல் அனுமதிக்கு ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுத்து ஒப்பம் வாங்கச் சொல்வார்கள். படிவத்தில் கைநாட்டு வைத்ததால் எந்த நாட்டுக்காரர் என்பதே மாறிப்போன மக்கள் இவர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கடதாசியும் ஒரு பயம். அதனால் சம்மதத்தை வாய்மொழியாகத் தமிழில் கேட்டு, அதையே ரெகோர்டின் தொடக்கத்தில் பதிய வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. எதற்குக் கேட்கிறோம், யார் கேட்பார்கள், பெயர் வேண்டாமென்றால் போடமாட்டோம், இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும்.

கடைசியாக, திருப்பிக் கொடுப்பது. தோட்டத்துக்கு ஆய்வு செய்ய வந்தவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. போசாக்கு, குடிப்பழக்கம், வறுமை என்று கேள்விக் கொத்தோடு வருவார்கள், போவார்கள். அவர்கள் எழுதியதை லயத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருவரின் குரலையும் ஒரு பிரதி எடுத்து அவர் பேரப்பிள்ளைகளின் போனில் போட்டுக்கொடுக்காமல் எங்கள் வேலை முடியாது. சம்மதிப்பவர்களின் பதிவுகளை ஒரு எண்ணிம ஆவணகத்திலும் சேர்க்க வேண்டும். ஆய்வேடு பல்கலைக்கழக அலுமாரியில் தூங்கட்டும், குரல் வெளியே இருக்கட்டும்.

"ஞாபகத்தை நம்பலாமா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வர வேண்டும். எழுபது வயதுக்காரர் எம்ஜிஆர் படத்தையும் சிவாஜி படத்தையும் கலந்து சொல்வார். 'புதிய காற்று' பார்த்தேன் என்பவர் வேறு எதையோ பார்த்திருக்கலாம். அதற்குத்தான் பத்திரிகைப் பட்டியல். சரிபார்க்கக்கூடியதைச் சரிபார்க்கிறோம். சரிபார்க்க முடியாததை 'இவர் இப்படி நினைவில் வைத்திருக்கிறார்' என்று எழுதுகிறோம், 'இப்படி நடந்தது' என்று எழுதுவதில்லை. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றினால் ஞாபகம் நல்ல ஆதாரம்தான். தப்பாக ஞாபகம் வைத்திருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கும். ஊர் ஆட்கள் நடித்த படத்தை ஒருவர் இந்தியப் படம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், எங்கள் சினிமாவுக்கு என்ன நடந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. "இது சமூகவியல், சினிமா ஆய்வு இல்லை" என்பார்கள். அழகியல் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி'யைச் சட்டகம் சட்டகமாகப் படிக்கிறவர்கள் படிக்கட்டும், நாங்களும் சேர்ந்து படிக்கிறோம். ஆனால் பார்வையாளர் இல்லாத சினிமா வெறும் பிலிம் சுருள். அந்தச் சுருளும் எரிந்துபோன ஊரில், பார்வையாளரை விட்டுவிட்டு வேறு எதை ஆராய்வது?

இரண்டு விஷயம் கேட்கிறோம். கலைப்பீடங்கள் வாய்மொழி வரலாற்றைச் சினிமா ஆய்வுக்குரிய முறையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பஸ் காசுக்குக்கூட வழியில்லாமல் சொந்தச் செலவில் அலைகிற மாணவர்களுக்கு அது ஒரு அங்கீகாரமாவது ஆகும். மற்றது, இதை வாசிக்கிற உங்களிடம். உக்குவளையிலோ இறத்தோட்டையிலோ எல்கடுவையிலோ உங்கள் வீட்டிலும் படம் பார்த்த ஒருவர் இருப்பார். ஆய்வு மாணவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. போனை எடுத்து ரெகோர்ட் பொத்தானை அமத்தி, "டவுனுக்குப் படம் பார்க்க எந்தப் பாதையால போனீங்க?" என்று கேளுங்கள். தேதியையும் இடத்தையும் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். நடுவில் குறுக்கே பேசாதீங்க. அவர்கள் பாடத் தொடங்கினால் கட்டாயம் நிறுத்தாதீங்க.